பாண் அடைத்த பொருத்து

கோணாமலைக்கு ஐம்பத்தெட்டு வயது. கேட்டால் அறுபத்திரண்டு என்பார். நாலைக் கூட்டிச் சொன்னால் ஆட்கள் வேலைக்குக் கூப்பிட யோசிப்பார்கள் என்று ஒரு நப்பாசை. ஆட்கள் எங்கே யோசித்தார்கள்? நாவற்குடாவில் எந்த வீட்டில் பைப் வெடித்தாலும் அவருடைய போன்தான் அடித்தது. அதுவும் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து அடித்தது.

அவர் பிறந்தது பழுகாமத்தில், வேளாண்மைக் குடும்பத்தில். கல்யாணமாகி, ஒரு பெட்டியோடு வாவியைக் கடந்து நாவற்குடாவுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போகிற வழக்கமில்லை. புருஷன்தான் பெண்வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். அவளுக்குப் பெண்பிள்ளைகள் பிறந்தால் அந்த வீடு ஒருநாள் அவர்களில் ஒருத்திக்குப் போகும். அப்போது பெற்றவர்கள் அதே வளவின் பின்பக்கத்தில் ஓர் அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் மீறுவதற்கு ஒரு வழியாவது இருந்திருக்கும்.

கோணாமலைக்கும் சீதேவிப்பிள்ளைக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் விதுர்ஷாவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காகத்தான் அவர் கட்டாருக்குப் போனார். பதின்மூன்று வருஷம் தோஹாவில் பைப் வேலை. பணக்கார வீடுகளின் சுவருக்குள் செம்புப் பைப்பும், பெக்ஸ் என்கிற வளையக்கூடிய பிளாஸ்டிக் பைப்பும் பதித்தார். வேலைத்தலத்தில் மிஞ்சியதை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி, கம்பளிகளோடு சேர்த்துக் கார்கோவில் வீட்டுக்கு அனுப்பினார். அப்படிச் சேர்ந்ததுதான் கட்டிலுக்கு அடியில் கிடந்த செம்புக் கட்டும், அலுமாரிக்கு மேல் பாம்பு சுருண்டதுபோலக் கிடந்த மூன்று பெக்ஸ் சுருள்களும்.

ஊரெல்லாம் பி.வி.சி.தான். அது அவருக்கும் தெரியும். ஆனால் காசு கொடுக்காமல் இரண்டு நல்ல சரக்கு வீட்டுக்குள் கிடக்கும்போது எவன் கடைக்குப் போவான்?

அந்தச் சரக்குக்கு வேலை வந்தது இளையவள் நிருஷாவின் சம்பந்தப் பேச்சில். மாப்பிள்ளை சுதாகரன் கிரான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறவர், அமைதியான மனிதர். அமைதியில்லாதவள் அவருடைய அக்கா. வீடு பார்க்க வந்த அன்று சாப்பிட்டு எழும்பி, கை கழுவ அடுப்படிக்குப் போய், குசினிக் குழாயைத் திறந்தாள். குழாய் இரண்டு தரம் இருமியது. பிறகு தேயிலைச் சாயத்தின் நிறத்தில் தண்ணீர் வந்தது. அவள் கழுவின கையை எடுத்துக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போய், மறுபடியும் கழுவிவிட்டு வந்தாள்.

கோணாமலைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த இரும்புப் பைப் அவர் கல்யாணம் செய்து வந்த புதிதில் தானே போட்டது. முப்பது வருஷத்தில் உள்ளுக்குள் துருப்பிடித்துத் துளை சுருங்கிவிட்டது. ஊர்ச் சுவரெல்லாம் உடைத்துத் திருத்தியவர் தன் சுவரை ஒருநாளும் தட்டிப் பார்த்ததில்லை. நிருஷாவுக்குப் போகும் வீடு இதுதான். கல்யாணத்துக்கு முன்னர் முழுப் பைப்பையும் மாற்றியே ஆக வேண்டும்.

செம்பா, பெக்ஸா?

இந்தக் கேள்வியை அவர் வேறு வீடுகளுக்கு ஒரு நிமிஷத்தில் தீர்த்துக் கொடுத்திருக்கிறார். தன் வீட்டுக்கு ஒன்பது நாள் யோசித்தார். பெக்ஸ் சுகமான வேலை. வளைத்த பக்கம் வளையும். தண்ணீர்த் தாங்கியிலிருந்து குழாய் வரைக்கும் ஒரே துண்டாக இழுக்கலாம், சுவருக்குள் பொருத்தே வராது. வெயில் படாமலும் எலி கடிக்காமலும் பார்த்துக்கொண்டால் சரி. முழங்கால் தேய்ந்த மனிதனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? செம்புக்கு மூலைக்கு மூலை முழங்கைத் துண்டு வைத்து, ஒவ்வொன்றின் இரண்டு வாயையும் தேய்த்து, நெருப்புக் காட்டி, ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். எல்லாம் குந்தியிருந்து செய்கிற வேலை.

ஆனால் பெக்ஸில் ஒரு வில்லங்கம் இருந்தது. அதன் நுனியில் செம்பு வளையத்தைப் போட்டு நெருக்குகிற நீண்ட குறடு இந்தப் பக்கத்தில் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. தோஹாவிலிருந்து வந்த கையோடு ஒன்பது வீடுகளுக்குப் பெக்ஸ் போட்டுக் கொடுத்தார். அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அந்த ஒன்பது வீட்டில் எது ஒழுகினாலும் அவர்தான் போக வேண்டும். காய்ச்சல் என்றாலும் போக வேண்டும், கோயில் திருவிழா என்றாலும் போக வேண்டும். ஒருமுறை செத்தவீட்டில் நின்றவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

செம்புக்கு அந்தத் தொல்லையில்லை. ஐஸ்பெட்டி திருத்துகிறவன் எவனுக்கும் செம்பு பற்றவைக்கத் தெரியும். காத்தான்குடியில் றிஸ்லான் என்று ஒருவன் இருக்கிறான், கை சுத்தமான வேலைக்காரன். செம்பைப் போட்டுவிட்டால் இந்த வீட்டுக்குக் கோணாமலை இனித் தேவையில்லை. அவருக்கு வேண்டியதும் அதுதான். மனிதர் களைத்துப்போயிருந்தார். உடம்பு மட்டுமல்ல, கூப்பிட்ட குரலுக்குப் போய்ப் போயே மனமும் களைத்துவிட்டது.

சீதேவிப்பிள்ளை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தன் முடிவைச் சொன்னார். அவள் தலையை நிமிர்த்தாமலே, "பெக்ஸையே போடுங்க" என்றாள்.

"ஏன் புள்ள?"

"அது உடைஞ்சா உங்களத்தானே கூப்பிடோணும். வேற ஆருக்கும் ஏலாதே."

"அதுக்காகத்தானே செம்பு எண்டு சொல்றன். நான் இல்லாட்டியும் காரியம் நடக்கும்."

சீதேவிப்பிள்ளை கீரையைத் தள்ளி வைத்தாள். "வீட்டக் குடுத்திட்டுப் பின்னறைக்குள்ள போய்க் கிடக்கப்போறம். எங்கட அம்மா அந்த அறையில ஏழு வருசம் கிடந்தா. சோறு கொண்டுபோய் வச்சது நான்தான். அவவோட என்ன கதைச்சன்? சாப்பிட்டீங்களா, குளிச்சீங்களா. வேறொண்டுமில்ல. எனக்கு நேரமில்லையெண்டில்ல, அவவிட்டக் கேக்கிறதுக்கு ஒண்டும் இருக்கல்ல. இஞ்ச பாருங்க, மகள் வந்து உங்களட்ட ஒரு அலுவல் கேக்கோணும். பைப் உடைஞ்சிட்டு எண்டாவது வரோணும்."

"நான் களைச்சுப் போனன் புள்ள" என்றார் கோணாமலை. அவள் கீரையை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டாள்.

செம்புதான் என்று முடிவானது. பதினொரு நாள் வேலை. தண்ணீரை அடைத்துவிட்டு, எல்லாரும் கிணற்றில் அள்ளிச் சமாளித்தார்கள். சுவரில் காடி வெட்டி, அளந்து அறுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்தார். அவர் யாருக்கும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. கொஞ்ச மாதமாக வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஈயக் கம்பியைப் பொருத்தின் விளிம்புக்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்து நடுக்கம் கூடும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒவ்வொன்றாகச் செய்தார். மொத்தம் முப்பத்தொரு பொருத்து. முப்பதும் நன்றாக வந்தன. தோஹாவில் செய்ததைவிடத் திறமாக வந்தன என்றுகூடச் சொல்லலாம்.

முப்பத்தோராவது, குசினித் தொட்டிக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்த முழங்கைத் துண்டு. திருத்திய வீட்டில் பால் காய்ச்சுகிற நாள் காலையில் அதை முடிப்பதாக வைத்திருந்தார். சுபநேரம் ஒன்பது மணி பன்னிரண்டு நிமிஷம். ஆறு மணிக்குத் தொடங்கினால் அரை மணி வேலை. புதுக் குழாயின் முதல் தண்ணீரில் பானையைக் கழுவி, அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பது சீதேவிப்பிள்ளையின் ஆசை.

ஆறு மணிக்குப் பைப்பின் வாயைப் பார்த்தால் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. செம்பைப் பற்றவைக்கிறவனுக்கு இதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது. உள்ளே ஒரு துளி ஈரமிருந்தாலும் சூடு ஏறாது, ஈயம் பிடிக்காது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். வேலை தொடங்கிய அன்றே காலி செய்து வைத்த தாங்கி விளிம்புவரை நிரம்பியிருந்தது.

நிரப்பியவர் அருமைநாயகம், சீதேவிப்பிள்ளையின் அண்ணன், பிள்ளைகளின் தாய்மாமன். முந்தின நாள் பின்னேரம் வந்தவர், வளவெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, தாங்கி வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு பதறி, தானே மோட்டரைப் போட்டிருக்கிறார்.

"பால் காய்ச்சிற வீட்டில வெறும் பாத்திரம் கிடக்கலாமா மச்சான்?" என்றார் அவர், நல்ல காரியம் செய்த முகத்தோடு. "குடம், சட்டி, வாளி எல்லாம் நிரப்பி வச்சிட்டன். தாங்கியும் பாத்திரம்தானே."

தாங்கியின் வால்வு பழசு. எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். தண்ணீரைத் திறந்துவிடலாம் என்று கோணாமலை வாயெடுத்ததுதான் தாமதம், சீதேவிப்பிள்ளை அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "என்ன கதை கதைக்கிறீங்க? நல்ல நாளும் அதுவுமா நிறைஞ்ச தாங்கிய ஆரும் ஊத்துவாங்களா?"

தாய்மாமன் ஒருபக்கம், மனைவி ஒருபக்கம். மாப்பிள்ளையின் அக்கா எட்டரைக்கு வருகிறாள். கோணாமலை யாரோடும் வாதாடவில்லை. வாதாடுவதற்குத் தெம்பு வேண்டும். பேக்கரிக்கு ஆளனுப்பி ஒரு றாத்தல் பாண் வாங்குவித்தார். பாணின் வெள்ளைப் பகுதியைக் கிள்ளி உருட்டி, பைப்புக்குள் திணித்தார். இது தோஹாவில் எல்லாரும் செய்கிற வித்தை. பாண் கொஞ்ச நேரம் தண்ணீரைத் தாங்கும், அதற்குள் பற்றவைத்துவிட வேண்டும். பிறகு குழாயைத் திறந்தால் கரைந்து வெளியே வந்துவிடும்.

கை அமைதியாக இருந்திருந்தால் அந்த நேரம் போதும். அன்றைக்குக் கை நடுங்கியது. ஈயம் ஒருபக்கம் திரண்டு, மறுபக்கம் பிடிக்காமல் வழிந்தது. பாண் ஊறிவிட்டது. இரண்டாந்தரமும் நெருப்புக் காட்டி, மேலால் இன்னும் கொஞ்சம் ஈயத்தை அப்பினார். எட்டு ஐம்பதுக்குத் தண்ணீரைத் திறந்தார்கள். முதலில் பாண் துகள் வந்தது, பிறகு கண்ணாடி போலத் தண்ணீர். பொருத்து சொட்டவில்லை. மாப்பிள்ளையின் அக்கா கையை நீட்டி அந்தத் தண்ணீரில் கழுவினாள். கிணற்றடிக்குப் போகவில்லை. பால் நேரத்துக்குப் பொங்கியது. எல்லாருடைய முகமும் நிறைந்திருந்தது.

அந்தப் பொருத்து நிற்காது என்று கோணாமலைக்குத் தெரியும். அடுத்த நாள் தாங்கியைக் காலி செய்து, அறுத்தெடுத்து, ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். அடுத்த நாள் விடியச் சாந்துக் குழையலோடு மேசன் வந்து நின்றான். "மூடட்டா அண்ணன்?" என்று கேட்டான். கோணாமலை தன் வலது கையைப் பார்த்தார். மறுபடி குந்த வேண்டும், மறுபடி நெருப்பைப் பிடிக்க வேண்டும், மறுபடி இந்தக் கையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

"மூடு" என்றார்.

முப்பது வருஷத்தில் அவர் தெரிந்தே செய்த ஒரேயொரு பிழை அதுதான். அதுவும் மகளுடைய வீட்டில்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. கட்டிலும் அலுமாரியும் பின்னறைக்குப் போயின. கோணாமலை நெருக்குக் குறட்டையும் மிச்சமிருந்த வளையங்களையும் சுருள்களையும் காத்தான்குடிக்குக் கொண்டுபோய் றிஸ்லானிடம் கொடுத்து, அந்த ஒன்பது வீட்டு விலாசங்களையும் சொல்லிவிட்டு வந்தார். வருகிற வழியில் போனுக்குப் புது சிம் வாங்கினார். அதன்பிறகு போன் அடிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நெடுநேரம் படுத்துக் கிடந்தார். நிருஷா நேரத்துக்குச் சோறு கொண்டுவந்தாள். "சாப்பிட்டீங்களா அப்பா? குளிச்சீங்களா?" என்று கேட்டாள். சீதேவிப்பிள்ளை புருஷனை ஒரு பார்வை பார்ப்பாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், முன்வீட்டில் குரல்கள் கேட்டன. ஒன்று மருமகன். மற்றது றிஸ்லான். குளியலறைச் சுவர் அடியில் ஈரம் ஊறுகிறது, சுண்ணாம்பு உதிர்கிறது என்று மருமகன் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தச் செவருக்குள்ளதான் ஓடுது போல சேர்" என்றான் றிஸ்லான். "அண்ணனட்ட ஒரு சொல் கேப்பமா? பைப் போட்டது அவர்தானே."

"அப்பா படுத்திரிக்கார். எழுப்ப வேணாம்" என்றது நிருஷாவின் குரல். "பாவம், இப்பதான் கொஞ்சம் ஆறுதலா இரிக்கார்."

கோணாமலை கண்ணை மூடியபடியே கிடந்தார். இதைத்தானே கேட்டார், இதைத்தானே விரும்பினார். மகள் பாசத்தோடுதான் சொல்கிறாள். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. தன் கையால் அளந்து வெட்டிய சுவருக்கு முன்னால் நின்று, தன்னைக் கேட்காமல் மூன்று பேர் கதைக்கிறார்கள். அந்த வீட்டில் தான் ஏற்கெனவே இல்லாமல் போய்விட்டதுபோல அவருக்கு இருந்தது.

முதல் அடி விழுந்தது. உளி ஓட்டில் படுகிற சத்தம். குளியலறைச் சுவரில் பதித்த ஓடுகள் நிருஷா தானே கடை கடையாக ஏறித் தேடி எடுத்தவை, நீலப் பூப் போட்டவை. அவற்றுக்குப் பின்னால் ஒழுக்கு இல்லை என்பது இந்த வளவில் ஒருவருக்குத்தான் தெரியும். குசினியில் ஒழுகுகிற தண்ணீர் பைப்பின் முதுகோடு வழிந்து, சுவரின் மறுபக்கத்தில் தலை காட்டுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாவது அடி.

சும்மா கிடக்கலாம். றிஸ்லான் கெட்டிக்காரன். நாலைந்து ஓடு போனபிறகு குசினிப் பக்கம் வந்துவிடுவான். அந்தப் பொருத்தைக் காணும்போது யாராவது கற்றுக்குட்டி செய்தது என்று நினைத்துக்கொள்வான்.

"படுத்திருங்க" என்றாள் சீதேவிப்பிள்ளை. அவர் நித்திரையில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "நீங்க கேட்டதுதானே." குரலில் கோபமில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

மூன்றாவது அடிக்கு அவர் எழுந்து உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. சாறனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து முன்வீட்டுக்குப் போனார்.

"அதில அடிக்காத மனே" என்றார். குசினிக்குள் போய், தொட்டிக்குப் பின்னால் ஓரிடத்தில் விரலை வைத்தார். "இதில உடை. தரையில இருந்து ஒரு முழம்."

றிஸ்லான் நாலு அடியில் சுவரைத் திறந்தான். பொருத்து பச்சை பூத்துப் போயிருந்தது. அப்பிய ஈயத்தின் அடியிலிருந்து தண்ணீர் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் விரலால் ஈயத்தைச் சுரண்டிப் பார்த்தான். "இது ஆருட வேல அண்ணன்? உங்கட கை இப்பிடி இருக்காதே."

எல்லாரும் அங்கே நின்றார்கள். மருமகன், மகள், வாசலில் சீதேவிப்பிள்ளை.

"என்ட வேலதான்" என்றார் கோணாமலை. "கை நடுங்குது. அண்டைக்கே தெரியும், தெரிஞ்சுதான் மூடச் சொன்னன். களைச்சுப் போயிருந்தன்."

றிஸ்லான் காஸ் போத்தலை எடுத்து வைத்தான். "தாங்கியில தண்ணி நிறைய இரிக்கு. பாண் வச்சுச் செய்யட்டா?"

"வேணாம்" என்றார் கோணாமலை. "தாங்கிய வெறுமையாக்கு."

தண்ணீர் முற்றத்தில் பாய்ந்து தென்னையடிக்குப் போனது. முக்கால் மணி நேரம். கோணாமலை பிளாஸ்டிக் கதிரையொன்றில் இருந்து, கடைசிச் சொட்டுவரை பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. றிஸ்லான் பழைய துண்டை அறுத்தெறிந்து, புதியதை ஒரே மூச்சில் பற்றவைத்தான். சுற்றிவர ஈயம் மோதிரம்போலப் பிடித்தது. கோணாமலைக்குப் பொறாமையாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

"அண்ணன், வேற எங்கயும் இப்பிடி இரிக்கா?"

"முப்பத்தொண்டு பொருத்து. மற்ற முப்பதும் திறம்" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "ஒரு பென்சில் கொண்டுவா மகள்" என்றார்.

றிஸ்லான் போன பிறகு வீடு முழுக்க நடந்தார். பூச்சுக்குள் மறைந்திருக்கும் ஒவ்வொரு பொருத்துக்கும் மேலே சுவரில் இரண்டு கோட்டைக் குறுக்கே இழுத்துச் சின்னதாக ஒரு புள்ளடி போட்டார். எந்த அளவும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் மனதில் இருந்தது. இனி எந்த வேலைக்காரன் வந்தாலும் வீணாக ஓர் ஓடு உடையாது. அவரையும் யாரும் எழுப்ப வேண்டியதில்லை. உயரத்தில் இருந்தவற்றை அவர் போட்டார். கீழே குனிய வேண்டியவற்றை அவர் விரலால் காட்ட, நிருஷா முழந்தாளிட்டுப் போட்டாள். அவளுக்கு ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. இது எங்கே போகிறது, இதில் ஏன் இரண்டு, இதை எப்படி இந்த மூலையில் வளைத்தீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் கதைத்ததில்லை. சீதேவிப்பிள்ளை வாசற்படியில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் புள்ளடி குளியலறை வாசலோரம். நிருஷா எழுந்து நின்று, சுவரில் போட்டதைப் பெருவிரலால் மெல்ல ஒருமுறை தடவினாள். அது இலேசாக மங்கியது.

"பென்சில்தானே அப்பா, கொஞ்ச நாளில அழிஞ்சு போயிரும்" என்றாள். "அழிஞ்சா உங்களத்தான் கேக்கோணும்."

கோணாமலைக்கு முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. படுக்க வேண்டும் போலிருந்தது. வீடு முழுக்க நடந்தபோது அவளுடைய மேசையில், மற்றப் பென்சில்களோடு, எழுதினால் அழியாத கறுப்பு மைப் பேனை ஒன்றும் கிடந்ததை அவர் கண்டிருந்தார். அதை எடுத்து வா என்று அவர் சொல்லவில்லை.